தொப்பி செய்பவருக்கு ஏன் பைத்தியம்? ஓர் ஆங்கில உவமைத் தொடரின் பொருளையும் பிறப்பையும் தேடும் வழி

ஆங்கிலத்தில் பிழையில்லாமல் வாக்கியம் அமைக்கத் தெரிந்தவர்கள்கூட உவமைத் தொடர்களைக் கண்டால் தயங்கி நின்றுவிடுகிறார்கள். சொற்கள் ஒவ்வொன்றும் தெரிந்தவையாக இருக்கும். சேர்த்துப் படித்தால் பொருள் பிடிபடாது. மொழிபெயர்ப்பு வகுப்பில் ஒரு மாணவி ‘ஆஸ் மேட் ஆஸ் எ ஹேட்டர்’ என்ற தொடரைத் ‘தொப்பி செய்பவரைப் போல் கோபமாக’ என்று எழுதியிருந்தார். அதை அடித்துவிட்டு ‘முழுப் பைத்தியமாக’ என்று திருத்தினேன். இன்றைய ஆங்கிலத்துக்கு அந்தத் திருத்தம் பொருந்தும். ஆனால், ‘தொப்பி செய்பவருக்கு ஏன் பைத்தியம் பிடிக்க வேண்டும்?’ என்று அவர் கேட்ட கேள்விக்கு விடை தேடப் போனபோதுதான், அவர் எழுதிய பொருளுக்கும் பழைய நூல்களில் சான்று இருப்பதைக் கண்டேன்.

அந்தத் தேடலில் கற்றுக்கொண்டதை, ஆங்கில உவமைத் தொடர்களை இப்போதுதான் அணுகத் தொடங்கியிருப்பவர்களுக்குப் பயன்படும் வகையில் படிப்படியாக எழுதுகிறேன். பத்துத் தொடர்களை மேலோட்டமாகப் பார்ப்பதைவிட ஒன்றை அடிமுதல் நுனிவரை பார்ப்பது நல்லது என்பது என் கருத்து. ஆகவே இந்த ஒரு தொடரையே கட்டுரை முழுவதும் எடுத்துக்கொள்கிறேன்.

முதற்படி: இன்றைய பொருளும் தொனியும்

பிறப்பைத் தேடும் முன் இன்றைய பொருளைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ‘ஹேட்டர்’ என்றால் தொப்பி செய்பவர் அல்லது விற்பவர். ‘மேட்’ என்ற சொல்லுக்குச் சித்தம் கலங்கிய நிலை, கோபம் என்று இரண்டு பொருள்கள் உண்டு. பிரிட்டனில் முதற்பொருளும் அமெரிக்காவில் இரண்டாம் பொருளும் அதிகம் புழங்குகின்றன. இந்தத் தொடரில் இன்று நிற்பது முதற்பொருள்தான். விசித்திரமாக நடந்துகொள்பவர், யாரும் நினைத்துப் பார்க்காததைச் செய்பவர், பேச்சில் தொடர்ச்சி இல்லாதவர் ஆகியோரைக் குறிக்கப் பேச்சுவழக்கில் சொல்லப்படுகிறது. பெரும்பாலும் அன்போ வேடிக்கையோ கலந்தே சொல்லப்படும்.

இங்கே நம் இலக்கண மரபு நமக்கு நேரடியாக உதவுகிறது. உவமையில் உவமானம், உவமேயம், உவம உருபு, பொதுத்தன்மை என நான்கு உறுப்புகள் உண்டு என்று பள்ளியில் படித்திருக்கிறோம். ‘ஆஸ்... ஆஸ்’ என்ற அமைப்பில் வரும் ஆங்கில உவமைகள் பொதுத்தன்மையை வெளிப்படையாகவே சொல்லிவிடும். அந்தப் பொதுத்தன்மைச் சொல்லுக்கு இரண்டு பொருள்கள் இருக்கின்றனவா என்பதுதான் கேட்க வேண்டிய முதற்கேள்வி. ‘ஆஸ் கூல் ஆஸ் எ குக்கும்பர்’ என்ற தொடரில், வெள்ளரிக்காய் தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும். மனிதரோ பதற்றமில்லாமல் இருக்கிறார். ‘கூல்’ என்ற ஒரே சொல் இரண்டையும் கட்டிப்போடுகிறது. உவமை வினை, பயன், மெய், உரு என்ற நான்கின் அடிப்படையில் தோன்றும் என்கிறது தொல்காப்பியம். வெள்ளரிக்காய் உவமை இந்த நான்கில் எதன்மேலும் முழுதாகக் கால் ஊன்றாமல் சிலேடைமேல் நிற்கிறது. ‘மேட்’ என்ற சொல்லிலும் அப்படி ஒரு வழுக்கல் இருப்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அது தேவைப்படும்.

இரண்டாம் படி: வடிவத்தைக் காப்பாற்றுங்கள்

இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முதலில் வரும் ‘ஆஸ்’ பேச்சில் விழுந்துவிடலாம், இரண்டாவது விழாது. இரண்டையும் அழுத்தாமல் ‘அஸ்’ என்று மெலிதாகச் சொல்ல வேண்டும். அழுத்தம் ‘மேட்’, ‘ஹேட்டர்’ ஆகிய இரண்டிலும் விழும். பலரைக் குறிக்கும்போது ‘ஹேட்டர்ஸ்’ என்று பன்மையாக்குவது உண்டு. ஆனால் தொப்பி செய்பவருக்குப் பதிலாகத் தையற்காரரையோ செருப்புத் தைப்பவரையோ வைத்தால் தொடர் செத்துவிடும். ‘பசுமரத்தாணி போல’ என்பதைப் ‘பச்சை வேம்பில் அடித்த ஆணி போல’ என்று நாம் மாற்றிச் சொல்வதில்லை அல்லவா? அதைப் போன்றதுதான்.

மூன்றாம் படி: எழுத்தில் கிடைக்கும் முதற்சான்றைத் தேடுங்கள்

புதிதாகத் தேடுபவர்கள் பெரும்பாலும் செய்யும் தவறு, பிறப்புக் கதையில் தொடங்குவது. கதை சுவையாக இருக்கும், மனத்தில் ஒட்டிக்கொள்ளும், அதன்பின் எந்தச் சான்றைப் பார்த்தாலும் கதைக்குச் சாதகமாகவே தோன்றும். ஆகவே கதையை ஒதுக்கி வைத்துவிட்டு ஆண்டைத் தேடுங்கள்.

ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி போன்ற வரலாற்று அகராதிகள், ஒரு சொல்லோ தொடரோ எழுத்தில் எப்போது வந்தது என்பதை மேற்கோளுடன் காலவரிசையில் தருகின்றன. அங்கே காணும் ஆண்டு, தொடர் பிறந்த ஆண்டு ஆகாது. இதுவரை கண்டெடுத்தவற்றுள் மிகப் பழையது என்று மட்டுமே பொருள். பேச்சில் அது பல ஆண்டுகள் முன்பிருந்தே புழங்கியிருக்கலாம். அகராதியைப் பார்த்த பிறகு, கூகுள் புக்ஸ், இன்டர்நெட் ஆர்க்கைவ் ஆகிய தளங்களில் தொடரை மேற்கோள்குறிகளுக்குள் இட்டுத் தேடுங்கள். ஒருமை, பன்மை, முதல் ‘ஆஸ்’ உள்ள வடிவம், இல்லாத வடிவம் என எல்லாவற்றையும் தனித்தனியாகத் தேட வேண்டும். தேடல் முடிவில் காட்டப்படும் ஆண்டை நம்பிவிடாதீர்கள். பல ஆண்டுகள் வெளிவந்த பருவ இதழ்களுக்கு, இதழ் தொடங்கிய ஆண்டையே எல்லாத் தொகுதிகளுக்கும் இட்டுவைத்திருப்பார்கள். பக்கத்தின் படத்தைத் திறந்து, முகப்புத் தாளில் அச்சிட்டிருக்கும் ஆண்டைக் கண்ணால் பார்த்த பிறகே குறித்துக்கொள்ளுங்கள். அந்த வரிக்கு முன்னும் பின்னும் ஒரு பக்கமாவது படிப்பதும் அவசியம், ஏனெனில் தொடர் எந்தப் பொருளில் வந்திருக்கிறது என்பதைச் சூழல்தான் சொல்லும்.

நம் தொடருக்கு இந்த முறையில் கிடைக்கும் மூன்று பழைய சான்றுகளைப் பார்ப்போம்.

முதலாவது, 1829ஆம் ஆண்டின் பிளாக்வுட்ஸ் எடின்பரோ மேகசின் என்ற ஸ்காட்லாந்து இதழில், கற்பனைப் பாத்திரங்கள் சிலர் கூடிப் பேசும் உரையாடல் தொடரில் வருகிறது. ஒருவர், தான் நெடுங்காலம் சுல்தானாக இருந்ததாகவும், மாபெரும் அநீதியால் பதவியிறக்கப்பட்டதாகவும், சதிகாரர்களை உலகின் முன் அம்பலப்படுத்தப் போவதாகவும் முழங்குகிறார். பக்கத்தில் இருப்பவர், ‘பிதற்றுகிறார்’ என்று காதோடு சொல்கிறார். இன்னொருவர் ஸ்காட்லாந்துப் பேச்சில் ‘புத்தி பேதலித்துவிட்டது’ என்கிறார். மூன்றாமவர் நம் தொடரைச் சொல்லிவிட்டு, உடனே ஒரு சுருட்டை எடுத்துத் தரும்படி கேட்கிறார். பைத்தியம் என்ற பொருள் இங்கே ஐயத்துக்கு இடமில்லாமல் இருக்கிறது. அதைவிட முக்கியமாக, தொடருக்கு விளக்கமே இல்லை. படிப்பவருக்குத் தெரிந்த தொடர் என்ற நம்பிக்கையோடு எழுதியவர் அதைப் போகிற போக்கில் வைத்திருக்கிறார். அப்படியென்றால் 1829க்கு முன்பே அது பேச்சில் இருந்திருக்க வேண்டும் என்று கொள்வது நியாயமானது.

இரண்டாவது, கனடாவின் நோவா ஸ்கோஷியாவைச் சேர்ந்த தாமஸ் சாண்ட்லர் ஹாலிபர்ட்டன் 1830களின் நடுவில் எழுதிய ‘தி கிளாக்மேக்கர்’. அதில் தந்தை அடக்க மாட்டாமல் சிரிக்க, சகோதரி எழுந்து அறையை விட்டு வெளியேறுகிறாள், ‘ஆஸ் மேட் ஆஸ் எ ஹேட்டர்’. அவளுக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை, கோபம் வந்திருக்கிறது.

மூன்றாவது, ஆங்கில நாவலாசிரியர் தாக்கரே 1848 முதல் 1850 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட ‘பெண்டன்னிஸ்’ நாவல். படை அதிகாரிகளின் உணவுக்கூடத்தில் ஒருவனைச் சீண்டிச் சீண்டி, அவன் ‘ஆஸ் மேட் ஆஸ் எ ஹேட்டர்’ ஆகும்வரை விடவில்லை என்று ஒரு பாத்திரம் சொல்கிறது. இதுவும் கோபம்தான்.

ஆக, கையில் கிடைத்த மூன்று பழைய சான்றுகளில் ஒன்று பைத்தியம் என்கிறது. இரண்டு கோபம் என்கின்றன. என் மாணவியின் விடை இந்த இடத்தில்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. அவர் ஊகித்த பொருள் 19ஆம் நூற்றாண்டில் உயிரோடு இருந்திருக்கிறது.

நான்காம் படி: கதைகளை ஆண்டோடு ஒட்டிப் பாருங்கள்

இப்போது கதைகளை உள்ளே விடலாம். பெரும்பாலானோர் முதலில் சொல்வது, லூயிஸ் கேரலின் ‘ஆலிஸின் அற்புத உலகம்’ நூலிலிருந்து இத்தொடர் வந்தது என்பதே. அந்நூல் வெளியானது 1865இல். 1829இல் அச்சான தொடர் 1865இல் பிறந்திருக்க முடியாது. ஆண்டு ஒன்றே இந்தக் கதையை முடித்துவிடுகிறது. கவனித்துப் படித்தால் இன்னொன்றும் தெரியும். ‘மேட் ஹேட்டர்’ என்ற பெயர் அந்த நூலில் எங்கும் இல்லை. பாத்திரத்தின் பெயர் வெறும் ‘ஹேட்டர்’. அவரும் அருகில் வசிக்கும் ‘மார்ச் ஹேர்’ என்ற முயலும் பைத்தியங்கள் என்று செஷயர் பூனை ஆலிஸிடம் சொல்கிறது. ஏழாம் அத்தியாயத்தின் தலைப்பு, நடக்கும் தேநீர் விருந்தைத்தான் பைத்தியக்கார விருந்து என்கிறது.

அந்த விருந்து மேசையைச் சற்று நேரம் உற்றுப் பார்ப்பது பயனுள்ளது. ‘மார்ச் மாத முயலைப் போல் பைத்தியம்’ என்பதும் ஆங்கிலத்தில் பழைய உவமை. இனப்பெருக்கக் காலத்தில் காட்டு முயல்கள் துள்ளிச் சண்டையிடுவதைப் பார்த்து எழுந்தது. ஜான் ஹேவுட் 1546இல் வெளியிட்ட பழமொழித் தொகுப்பிலேயே இடம்பெற்றது. செஷயர் பூனையைப் போல் இளிப்பது என்ற தொடரும் கேரலுக்கு முந்தியது. மக்கள் பேச்சில் கிடந்த உவமைகளை எடுத்து, அவற்றுக்கு உடலும் வாயும் கொடுத்து, ஒரே மேசையில் உட்காரவைத்தார் கேரல் என்பதே இதிலிருந்து தெரிவது. தொடர் முதலில், பாத்திரம் பிறகு. ஆயினும் அந்தப் பாத்திரம் தொடரை உலகெங்கும் கொண்டுசேர்த்தது என்பதையும், கோபம் என்ற பொருள் மங்கிப் பைத்தியம் என்ற பொருளே நிலைத்ததில் அதற்குப் பெரும்பங்கு இருக்கும் என்பதையும் நான் நம்புகிறேன்.

ஆக்ஸ்போர்டில் தியோஃபிலஸ் கார்ட்டர் என்ற மரச்சாமான் வியாபாரி ஒருவர் இருந்தார். உயர்ந்த தொப்பி அணிந்து கடைவாசலில் நிற்பார். அவரே இந்த உவமைக்கு மூலம் என்றும் சிலர் சொல்வார்கள். ஆலிஸ் நூலுக்கு ஓவியர் ஜான் டென்னியல் வரைந்த தொப்பிக்காரர் படத்துக்கு அவர் தூண்டுதலா என்பது தனிக்கேள்வி. உவமைக்கு அவர் மூலமாக முடியாது. காரணம் அதே ஆண்டுக்கணக்குதான்: 1829இல் அவர் சிறுவன்.

ஆண்டுக்கணக்கில் தேறும் கதைகளும் உண்டு. லண்டனுக்கு வடமேற்கே உள்ள செஷமில் 17ஆம் நூற்றாண்டில் ரோஜர் கிராப் என்ற தொப்பி வியாபாரி வாழ்ந்தார். உடைமைகளை விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, இறைச்சியும் மதுவும் விலக்கி, கீரையும் புல்லும் தின்று துறவியாக வாழ்ந்தவர், 1680இல் இறந்தார். அவரைப் பார்த்துத்தான் தொடர் எழுந்தது என்பார்கள். காலம் தடுக்கவில்லை என்றாலும், அவர் மறைந்ததற்கும் 1829க்கும் இடையே சுமார் 150 ஆண்டுகள் இருக்கின்றன. அந்த இடைவெளியை நிரப்பும் சான்று இல்லாமல் இதை ஏற்பதற்கில்லை.

பாம்புக் கதை இதைவிடக் கவனிக்கத்தக்கது. ‘ஆடர்’ என்பது இங்கிலாந்தில் உள்ள ஒரே நச்சுப் பாம்பின் பெயர். இங்கிலாந்தின் பல வட்டார வழக்குகளில் சொல் முதலில் வரும் ‘ஹ’ ஒலி விழுந்துவிடும். ‘ஹேட்டர்’ என்பது ‘ஆட்டர்’ போல் கேட்கும். ஆகவே ‘சீறும் பாம்பைப் போல் கோபமாக’ என்பதே மூல வடிவம் என்பது இந்தக் கருத்து. ஹாலிபர்ட்டன், தாக்கரே இருவரிடமும் கோபப் பொருள் இருப்பது இதற்குச் சாதகம். ஆங்கிலத்தில் இவ்வாறான ஒலிக் குழப்பங்கள் நடந்திருக்கின்றன என்பதற்கு அந்தப் பாம்பின் பெயரே சாட்சி: பழைய வடிவம் ‘நாடர்’, ‘எ நாடர்’ என்பதை ‘அன் ஆடர்’ என்று பிரித்துக் கேட்டதால் முன்னிருந்த ‘ந’ கழன்றுவிட்டது. இருந்தாலும் பாம்பு வடிவத்திலிருந்து தொப்பி வடிவத்துக்கு மாறிய தடம் எழுத்தில் வேண்டும். அதுவரை இதை அழகான ஊகம் என்ற அளவில் வைத்துக்கொள்ளலாம்.

ஐந்தாம் படி: தொழிலுக்குள் போய்ப் பாருங்கள்

உவமையில் ஒரு தொழிலின் பெயர் வந்தால், அந்தத் தொழில் எப்படி நடந்தது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் முடிவு கட்டக்கூடாது. இலவ மரத்தின் காய் பழுக்காது, வெடித்துப் பஞ்சாகும் என்பது தெரியாதவருக்கு ‘இலவு காத்த கிளி’ வெறும் கிளிதான். இந்தத் தேடலில் என்னை அதிகம் உலுக்கிய பகுதியும் இதுவே.

அந்தக் காலத்து ஆண்கள் அணிந்த நல்ல தொப்பிகள் ஃபெல்ட் என்ற பொருளால் ஆனவை. ஃபெல்ட்டில் நூலும் இல்லை, நெசவும் இல்லை. விலங்கு மயிரின் மேற்பரப்பில் நுண்ணிய செதில்கள் இருக்கும். வெப்பம், ஈரம், உராய்வு மூன்றும் சேரும்போது அவை ஒன்றோடொன்று கொக்கிபோல் மாட்டிக்கொண்டு கெட்டியான விரிப்பாகிவிடும். பீவர் என்ற நீர்வாழ் விலங்கின் மென்மயிர் இதற்கு மிகவும் ஏற்றது, ஆனால் விலை அதிகம். மலிவான முயல் மயிர் எளிதில் பின்னிக்கொள்ளாது. அதைப் பின்னவைக்கக் கண்ட வழிதான் பாதரசம்.

பாதரசத்தை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, அந்தக் கரைசலைத் தோலில் உள்ள மயிரின்மேல் தூரிகையால் தேய்ப்பார்கள். பிறகு சூட்டில் உலர்த்துவார்கள். அப்போது மயிரின் நுனி கேரட் நிறத்துக்கு மாறும். அதனாலேயே தொழிலாளர்கள் அந்த வேலைக்குக் ‘கேரட்டிங்’ என்று பெயரிட்டிருந்தார்கள். அடுத்து மயிரைத் தோலிலிருந்து வெட்டியெடுத்து, நம் ஊரில் பஞ்சு அடிப்பவர் வைத்திருந்ததைப் போன்ற நீண்ட வில்லின் நாணை அதிரவிட்டு, அதைப் பொங்கவைத்து மெல்லிய படலமாகப் பரப்புவார்கள். அந்தப் படலத்தைப் பெரிய கூம்பாக்கி, கொதிநீரில் நனைத்து நனைத்துக் கையால் உருட்டிச் சுருக்குவார்கள். உலர்த்தும் அறையின் சூட்டிலும், வில்லடிக்கும்போது பறக்கும் தூசியிலும், கொதிகலத்தின் ஆவியிலும் பாதரசம் இருக்கும். ஒவ்வொரு மூச்சிலும் அது உள்ளே போகும்.

விளைவு உடனே தெரியாது. முதலில் விரல்களில் சிறு நடுக்கம். பிறகு இமைகளிலும் உதடுகளிலும். சட்டைப் பொத்தானைப் போட முடியாது. கையெழுத்து கோணிக்கொண்டு போகும்; நோயின் தீவிரத்தை அறிய மருத்துவர்கள் நோயாளியை எழுதச் சொல்லிப் பார்ப்பது இதனால்தான். ஈறு வீங்கி, எச்சில் அதிகமாகச் சுரந்து, பற்கள் ஆடும். மனத்தில் ஏற்படும் மாற்றத்தை மருத்துவத்தில் ‘எரித்திசம்’ என்பார்கள்: எளிதில் எரிச்சல், மறதி, தூக்கமின்மை, எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பெருங்கூச்சம். யாராவது தன்னைக் கவனிக்கிறார்கள் என்று உணர்ந்தால் அவரால் வேலை செய்ய முடியாது. ஆட்களின் முகம் பார்க்கவே அஞ்சுவார்.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் டான்பரி என்ற ஊர் இருக்கிறது. 1780இல் அங்கே தொடங்கிய தொப்பித் தொழில் பெருகி, ஊரே தொப்பி நகரம் என்று பெயர் பெற்றது. அந்த ஊரில் இந்த நடுக்கத்துக்கு ‘டான்பரி ஷேக்ஸ்’ என்று பெயர். ஒரு நோய்க்கு ஊரின் பெயர் வைக்குமளவுக்கு அது கண்ணெதிரே தெரிந்த காட்சியாக இருந்திருக்கிறது. 1860இல் நியூ ஜெர்சி மருத்துவர் ஃப்ரீமன், அங்குள்ள தொப்பித் தொழிலாளரிடையே பரவியிருந்த பாதரச நோயைப் பற்றி விரிவாக எழுதினார். ஆனாலும் அமெரிக்கத் தொப்பித் தொழிலில் பாதரசம் கைவிடப்பட்டது 1941 டிசம்பரில்தான். மருத்துவர் எழுதிய பிறகு 81 ஆண்டுகள். பாதரச ஆவிக்கும் தொழிலாளர் உடலுக்குமான இந்தக் கதை நமக்கும் அந்நியமில்லை. கொடைக்கானலில் பாதரச வெப்பமானி செய்த தொழிற்சாலை 2001இல் மூடப்பட்ட பிறகும், தொழிலாளர் நலமும் மண்ணில் கலந்த கழிவும் பற்றிய போராட்டம் பல ஆண்டுகள் நீண்டது.

ஆறாம் படி: மறுப்பையும் படியுங்கள்

இவ்வளவையும் படித்தபின், ‘ஆக, பாதரசமே காரணம்’ என்று எழுதிவிடத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆங்கிலத்தில் இன்று பெரும்பாலானோர் சொல்லும் விளக்கமும் அதுதான். அந்த இடத்தில் நின்று, எதிர்க்கருத்து இருக்கிறதா என்று தேடுவதே ஆறாம் படி.

1983 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இதழில் எச். ஏ. வால்ட்ரன், கேரலின் தொப்பிக்காரருக்குப் பாதரச நோய் இருந்ததா என்று கேட்டு ஒரு கட்டுரை எழுதினார். அவருடைய வாதம் எளிமையானது. பாதரச நோயாளி கூச்சத்தால் ஒடுங்குபவர். கேரலின் பாத்திரமோ விருந்தில் ஓயாமல் பேசி, விருந்தாளியிடம் விடையில்லாத விடுகதை போட்டு, எல்லார் கவனத்தையும் தன்பால் இழுப்பவர். இரண்டும் பொருந்தவில்லை. நூலின் பிற்பகுதியில் நீதிமன்றக் காட்சியில் அந்தப் பாத்திரம் காலணிகள் இரண்டும் கழன்று விழுமளவுக்கு நடுங்குவது உண்மைதான். ஆனால் அரசி முறைத்துப் பார்க்கிறாள், அரசன் தலையை வாங்குவதாக மிரட்டுகிறான். நடுக்கத்துக்கான காரணத்தை நூலே சொல்லிவிடுகிறது.

பாத்திரத்தை விட்டுவிட்டு உவமையையே எடுத்துக்கொண்டாலும் இடைவெளி தெரிகிறது. நாம் பார்த்த மூன்று பழைய சான்றுகளில் ஒன்றிலாவது நடுக்கமோ பாதரசமோ தொப்பிப் பட்டறையோ பேசப்படவில்லை. தொப்பித் தொழிலாளரிடம் ஊரார் முதலில் கண்டிருக்கக்கூடியது நடுங்கும் கை. அதிலிருந்து உவமை பிறந்திருந்தால் நடுக்கத்தைப் பற்றிய உவமையாக அல்லவா பிறந்திருக்க வேண்டும்? இதற்கு மறுமொழியும் உண்டு. எரிச்சலும் கோபமும் அந்த நோயின் அறிகுறிகளே. கோபப் பொருளில் வரும் இரண்டு சான்றுகள் அவற்றோடு ஒத்துப்போகின்றன. தவிர, கேரல் பிறந்து சிறுவயதைக் கழித்த அன்றைய செஷயர் மாவட்டத்தில் ஸ்டாக்போர்ட் என்ற ஊர் தொப்பித் தொழிலுக்குப் பெயர் பெற்றது.

இவற்றை எடைபோட்டு நான் எழுதிக்கொண்ட முடிவு இது: பாதரசம் தொப்பித் தொழிலாளரின் நரம்பையும் மனத்தையும் சிதைத்தது மருத்துவம் உறுதிசெய்த உண்மை. உவமை அதிலிருந்து பிறந்தது என்பது வலுவான ஊகம். முதல் வாக்கியத்தின் உறுதியை இரண்டாவதற்குக் கடன் கொடுக்கக் கூடாது. நீங்கள் எந்தத் தொடரைத் தேடினாலும் உங்கள் குறிப்பேட்டில் இப்படி இரண்டு தனி வரிகள் எழுதிப் பழகுங்கள். தொழில் அல்லது பொருள் பற்றிய உண்மை ஒரு வரியில், தொடரோடு அதற்குள்ள உறவு இன்னொரு வரியில். இணையத்தில் உலவும் சொற்பிறப்புக் கதைகள் பெரும்பாலும் இந்த இரண்டையும் ஒட்டவைத்துவிடுவதால்தான் நம்பத்தக்கவையாகத் தோன்றுகின்றன.

ஏழாம் படி: பயன்படுத்துவதும் தமிழாக்குவதும்

நண்பர்களோடு பேசும்போதும் கதை எழுதும்போதும் இத்தொடரைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். அலுவலகக் கடிதத்தில் வேண்டாம். மனநலச் சிகிச்சையில் உள்ளவரைப் பற்றி, அவர் காதில் விழாவிட்டாலும், சொல்லவே கூடாது. அங்கே வேடிக்கைக்கு இடமில்லை.

தமிழில் கொண்டுவரும்போது தொப்பியைத் தூக்கிவர வேண்டியதில்லை. பேச்சு நடையில் ‘மரை கழன்ற ஆள்’ என்பது தொனியோடு அப்படியே பொருந்தும். சற்று அடக்கமான நடையில் ‘சரியான கிறுக்கு’ போதும். ஆலிஸ் நூலை மொழிபெயர்ப்பவருக்கு மட்டும் இந்த விடுதலை இல்லை. அங்கே தொப்பிக்காரர் கண்ணெதிரே உட்கார்ந்திருக்கிறார், டென்னியலின் படத்தில் அவர் தொப்பியில் 10 ஷில்லிங் 6 பென்ஸ் என்ற விலைச்சீட்டுகூடச் செருகியிருக்கிறது. அவரைத் தொப்பிக்காரராகவே விட்டுவிட்டு, உவமையை ஒரு வரிக் குறிப்பில் சொல்வதே நல்லது. பழைய நாவல்களை மொழிபெயர்க்கும்போது இன்னொரு கவனம் வேண்டும். தாக்கரேயின் வரியில் ‘கிறுக்கனானான்’ என்று எழுதினால் பொருள் கெடும். ‘கொதித்துப்போனான்’ என்றால்தான் அந்த உணவுக்கூடக் காட்சி நிற்கும். ஒரு நூல் எந்த ஆண்டில் எங்கே எழுதப்பட்டது என்பதைப் பார்த்த பிறகே ‘மேட்’ என்ற சொல்லுக்குத் தமிழ் தேடுங்கள்.

இந்தப் படிகளைக் கொண்டு அடுத்ததாக ‘ஆஸ் டெட் ஆஸ் எ டோர்நெயில்’ என்ற தொடரை நீங்களே தேடிப் பாருங்கள். 14ஆம் நூற்றாண்டிலிருந்தே சான்று உள்ள தொடர். கதவில் அடித்த ஆணி ஏன் செத்ததாயிற்று என்று கேட்டால் தச்சுப் பட்டறைக்குள் போக வேண்டியிருக்கும். என் மாணவியிடம் அடுத்த வகுப்பில் விடைத்தாளைத் திரும்ப வாங்கி, அடித்த வரியின் கீழே ‘ஹாலிபர்ட்டன், தாக்கரே: இப்பொருளும் உண்டு’ என்று எழுதாமல் விட்டிருந்த குறிப்பை எழுதிக் கொடுத்தேன். டோர்நெயில் தொடரை அவர் இப்போது தேடிக்கொண்டிருக்கிறார்.